பியூஸைப் புடுங்கச் சொன்ன அப்பா

போன வாரம் பெரம்பலூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு அரியலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியது என் வீட்டுக்காரர், வழி சொன்னது போனுக்குள் இருக்கும் அம்மாள். "இடதுபுறம் திரும்பவும்" என்றாள், திரும்பினார். "நேராகச் செல்லவும்" என்றாள், சென்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி ஒரு திருப்பம் திரும்பாத மனுஷர், அவள் பேச்சைக் கேட்டு ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் பள்ளம், பின்னால் லாரி. கண்ணாடியை இறக்கியதும் அந்த வெள்ளைத் தூசி மூக்கில் ஏறியது பாருங்கள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா இருந்திருந்தா இந்நேரம் அந்தப் பொம்பளையோட பியூஸைப் புடுங்கியிருப்பாரு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

ரெட்டிபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இந்தத் தூசிக்கு ரேஷன் கார்டில் பெயர் மட்டும்தான் இல்லை. சோற்றுப் பானை மூடியில் இருக்கும், தலையணையில் இருக்கும். அம்மா தினமும் டிவியைத் துடைத்துப் பூப்போட்ட உறையை மாட்டி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்த உறை நேரத்தோடு கழன்றுவிடும். தொண்ணூறுகளின் பின்பாதி அது. வெள்ளைக்காரர்கள் என்றைக்கோ எடுத்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் தமிழ் கற்றுக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு பழைய தொடர் அப்போது ஓடியது.

பூமிக்கு அடியில் ஒரு நகரம். அங்கே கதவு, விளக்கு, காற்று, சோறு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர். வரிசையாக பீரோ பீரோவாக நிற்கும், உடம்பெல்லாம் சிவப்பு பல்பு. ஒருநாள் அதற்குக் கிறுக்குப் பிடித்து எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, "உங்கள் நன்மைக்காகவே மூடியிருக்கிறேன்" என்று சுத்தத் தமிழில் அறிவிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட கிருதா வைத்த விஞ்ஞானிகள், "ஐயகோ, மோசம் போனோம் நண்பரே!" என்பார்கள். எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. தட்டில் பாகற்காயை வைக்கும்போது அம்மா, "உங்கள் நன்மைக்காகவே" என்பாள். நான் "ஐயகோ" என்பேன்.

அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். சிமென்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிற மேடையில் அவருக்கு வேலை. அங்கே கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று அப்போதுதான் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தன் வேலை போய்விடுமோ என்று மனுஷருக்குப் பயம். "பேசிக்கிட்டே நிக்கிறானுங்க பாரு, அறிவு கெட்டவனுங்க. டேய், பியூஸைப் புடுங்குங்கடா!" என்று வாரா வாரம் டிவியைப் பார்த்துக் கத்துவார். தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள். அவர்களும் சேர்ந்து கத்துவார்கள்.

இந்த அழகில் எனக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஆசை வந்தது. ப்ளஸ் டூ முடித்திருந்தேன். அரியலூரில் ஒரு சென்டர் திறந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏசி போட்ட கர்ப்பக்கிருகம் அது. அதில் சேராவிட்டால் அடுத்தது எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதுதான் என்பது எங்கள் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். அழுதேன். பட்டினி கிடந்தேன். (அம்மா ரகசியமாக ஊட்டிவிட்டதைச் சேர்க்காதீர்கள்.) கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "தொடர் முடியட்டும். மனுசன் ஜெயிச்சா நீ போய்ச் சேரு. அது ஜெயிச்சா அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்கக் கூடாது."

ஆக, யாரோ ஒரு வெள்ளைக்காரன் பியூஸைப் புடுங்குவானா மாட்டானா என்பதில் வந்து தொங்கியது என் படிப்பு.

கடைசி வாரம் கூடம் நிரம்பி வாசல் வரை ஆட்கள். கதாநாயகன் ஒரு குழாய் வழியாகத் தவழ்ந்து கம்ப்யூட்டர் அறைக்குள் குதித்துவிட்டான். நான் கும்பிடாத சாமி இல்லை. அப்போது பார்த்து வோல்டேஜ் இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கியது. எங்கள் பக்கம் ஒரு பேஸில் கரண்ட் குறைந்தால் மீட்டர் பெட்டியில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி அடுத்த பேஸில் செருகிவிடுவது வழக்கம். வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம்தான். "இரு, மாத்திட்டு வந்துர்றேன்" என்று அப்பா பாய்ந்தார். டிவியில் அவன் கையை நீட்டினான். இங்கே அப்பா புடுங்கினார்.

கும்மிருட்டு. கட்டையிலிருந்த கம்பி அறுந்து போயிருந்தது. வேறு கம்பி தேடி, முறுக்கி, செருகி வெளிச்சம் வந்தபோது டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கூடமே சிரித்தது. "அண்ணே, நீங்கதாண்ணே புடுங்கிட்டீங்க!" என்று ஒருத்தர் கைதட்டினார். நான் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் அப்பா, "கெளம்பு" என்றார். எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போய், திருச்சியில் இருந்த அவருடைய அக்காவுக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அத்தைக்கு மெதுவாகப் பேசவே வராது, போன் இல்லாவிட்டாலும் திருச்சியிலிருந்து கேட்கும்.

"அக்கா, நேத்து அந்தக் கம்ப்யூட்டர் தொடர் முடிஞ்சுதே, யாரு ஜெயிச்சா?"

"எதுக்குடா கேக்குற?"

"இவளப் படிக்கச் சேக்கலாமா வேணாமான்னு..."

"மனுசன்தாண்டா ஜெயிச்சான்! பியூஸைப் புடுங்கிப்புட்டான். அந்தப் பெட்டி ஓன்னு அழுது, தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னுச்சு. நாளைக்கே சேத்துவுடு."

"அழுதுச்சா?"

"அழுதுச்சுங்கறேன்ல!"

அந்த வாரமே சேர்ந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பீரோவும் இல்லை, சிவப்பு பல்பும் இல்லை, எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் இன்றுவரை சோறு போடுவது அந்தப் படிப்புதான்.

பிற்பாடு ஒருநாள் அத்தையிடம், "அந்த முடிவ எவ்வளவு அழகாச் சொன்னீங்க அத்தை" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அடி போடி இவளே. நா எங்கடி பாத்தேன்? அந்த மாசம் பூரா எங்க வூட்டு டிவி ரிப்பேர் கடையில கெடந்துச்சு. ஒங்கப்பந்தான் வந்திருந்தப்ப தூக்கிக்கிட்டுப் போயிக் குடுத்தான்."

ஆலையில் யாரைக் கேட்டிருந்தாலும் முடிவு தெரிந்திருக்கும். இந்த மனுஷர் தேடிப்பிடித்து, டிவி இல்லாத வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார்.

அந்த பூத் போய்விட்டது. வோல்டேஜ் இறங்கினால் பேஸ் மாற்றுகிற ஆட்கள் போய்விட்டார்கள். அப்பா பயந்தபடியே எடை மேடையிலும் இப்போது ஆள் கிடையாது. தொடரின் நிஜ முடிவு நெட்டில் கிடைக்கும் என்கிறாள் என் பெண். நான் தேடவில்லை, எனக்கு அத்தை சொன்னதே போதும். "தெரிஞ்சேதானப்பா போன் போட்டீங்க?" என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்கத்தான் கொள்ளை ஆசை. ஆனால் அத்தை எனக்கு அதைச் சொன்னதே அப்பாவின் முதல் தெவசத்தன்றுதான்.