சொடக்கு எடுக்காத கடை

கத்திரி அண்ணன் கடைக்கு முடி வெட்ட வருபவர்களைவிட, வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி அவர் எடுத்துவிடும் சொடக்குக்காக வருபவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்டவருக்கு முதுகு வலித்தால் டாக்டரிடமா போவார்? விட்டு விட்டு வந்த காய்ச்சலை மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு, கூடவே தொழில் செய்யும் மைத்துனனிடம் முதுகைக் காட்டினார்.

"நல்லா அழுத்தி ஒண்ணு எடு மாப்ளே."

அழுத்தினான். கேட்டது பழகிய சத்தம் இல்லை. கத்திரி அண்ணன் அப்படியே தரையில் சரிந்தார். கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா மூடி மறைக்காமல் சொன்னார். "கிருமி முதுகெலும்பை அரிச்சிருக்கு. அது நொறுங்கி நரம்பை அழுத்துது. சீழை எடுத்துட்டு, மேலயும் கீழயும் நல்ல எலும்புல ஸ்குரூ போட்டு, கம்பி வெச்சு நிறுத்தணும். மருந்தும் மாசக்கணக்குல போகும்."

"கடையில நிக்க முடியுமா?" அவருக்கு வேறு கேள்வியே இல்லை.

"நரம்பு இன்னும் சாகலை. பாப்போம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஒருநாள் கால் கட்டைவிரல் அசைந்தது. மனைவி வார்டே திரும்பிப் பார்க்க அழுதாள். அவள் தம்பி மட்டும் வரவே இல்லை. மாமாவை முடமாக்கிவிட்டேன் என்று போனில் புலம்புகிறானாம். கத்திரி அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடக்கப் பழக்கிய பயிற்சியாளர் ஒரு நடை நடக்கச் சொன்னால் வீம்புக்கு இரண்டு நடந்தார்.

சில மாதங்கள் கழித்து, முதுகைத் தாங்கும் பெல்ட்டோடு அவர் கடைக்குள் நுழைந்தபோது மைத்துனன் தலை நிமிரவில்லை.

"அரிச்ச எலும்பு தும்மினாலே உடைஞ்சிருக்குமாம், டாக்டரம்மா சொன்னாங்க. அழுத்தச் சொன்ன முட்டாள் நான், அழுத்தின முட்டாள் நீ. பழியை நீ மட்டும் எடுத்துக்கிட்டா நான் எங்கடா போறது? சீப்பை எடு."

நாற்காலியில் வாடிக்கையாளர் உட்கார்ந்தார். கத்திரி அண்ணன் வெட்டத் தொடங்கினார். விழுந்தால் தாங்கிக்கொள்ள அவர் முதுகுக்குப் பின்னால் இரு கைகளையும் நீட்டியபடியே நின்றான் மைத்துனன்.

முடித்ததும் வாடிக்கையாளர் ஆசையாகக் கழுத்தை நீட்டினார். "அண்ணே, அந்தச் சொடக்கு?"

"கிடையாது!" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வாடிக்கையாளர் அலறிப் புடைத்து எழுந்தார். அதைப் பார்த்து மைத்துனனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். நீட்டிய கைகளை எடுத்துவிட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கத்திரி அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தார்.