காட்டு வாசலில் ஒரு கொப்பு

பனிமூட்டம் விலகியபோது ஓடையின் அக்கரையில் ஒரு மரை மான் நின்றிருந்தது. எங்களைப் பார்த்தும் அது ஓடவில்லை. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த வலி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி மலைக்கு அப்பால் சரணாலயக் காடு. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து அக்கா அதன் ஓரத்தில்தான் கொழுந்தெடுத்தாள். உள்ளே கால் வைத்ததில்லை. அவர்களுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, அத்தான் இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கப்பலேறுவதற்குள் அந்தக் காட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அத்தான் காட்டுக் காவலாளியிடம் சிங்களத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம்.

காட்டு வாசலில் முனியாண்டி மரம். சிவனொளிபாத மலைக்கு நடந்து போகிறவர்களும், களவாக மூங்கில் வெட்டப் போகிறவர்களும் ஆளுக்கொரு இலைக்கொப்பை ஒடித்து அதில் செருகிவிட்டுத்தான் நுழைவார்கள். வெளியே வந்ததும் அவரவர் கொப்பை எடுத்துப் போட்டுவிட வேண்டும். கொப்பு இருக்கும்வரை அந்த ஆள் உள்ளே இருப்பதாக எண்ணி முனி காவல் நிற்கும் என்பது நம்பிக்கை. நாங்களும் செருகினோம்.

உள்ளே அக்கா சிறுபிள்ளையாகிவிட்டாள். யானை லத்தியைக்கூட நின்று பார்த்தாள். மரையைக் கண்டபோதுதான் அழுதாள். எனக்கு அந்த மரைமேல் பொறாமையாக இருந்தது. அதைத் தொட்டால் தண்டனை. நீ எந்த ஊர் என்று அதை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அத்தானும் நானும் எங்கள் கொப்புகளை எடுத்துப் போட்டோம். அக்கா எடுக்கவில்லை.

"கொப்ப எடுத்துப் போடு புள்ள. அதான் வந்துட்டோம்ல."

"இருக்கட்டுங்க. நான் இன்னும் வரலன்னு சாமி பாத்துக்கிட்டே இருக்கட்டும். வேற யாரு எனக்காக இங்க காத்திருக்கப் போறா?"

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டு மனுவுக்கும் அப்போது முடிவு வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினார்.

இப்போது வெளியூர்க்காரர்கள் முதுகில் பை மாட்டிக்கொண்டு அந்தக் காட்டைப் பார்க்க வருகிறார்கள். பாதையை அகலமாக்க முனியாண்டி மரத்தை வெட்டிவிட்டார்கள். அக்கா கோத்தகிரிப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் இறந்துபோனாள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. இன்றுவரை நான் இங்கேயேதான் இருக்கிறேன்.