என் மலை, என் ஆறு

நெய்வேலியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த பிளாக்?" என்பதுதான்; சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ் எல்லாம் பிளாக் பிளாக்காகத்தான் இருக்கும். நாங்கள் குடிபெயர்ந்து போயிருந்த குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த என்னிடம் அதற்குப் பதில் கிடையாது.

நியூசிலாந்திலிருந்து ஒரு மாவோரிப் பெண் எங்கள் வகுப்பில் ஒரு வருடம் படிக்க வந்தாள். அவளையும் அந்தக் கேள்வி விடவில்லை. அவள் எழுந்து நின்று தன் மலையின் பெயரைச் சொன்னாள், பிறகு ஆற்றின் பெயர், கடைசியில்தான் தன் பெயர். அவர்கள் வழக்கம் அதுவாம். படிப்பில் எங்களைவிடக் கெட்டிக்காரி. ஆனால் கேன்டீனில் எங்களைத் தொற்றிக்கொண்டது இந்த மலை விளையாட்டுதான். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அப்பாவின் சொந்த ஊரிலிருந்து பொதிகையையும் தாமிரபரணியையும் இழுத்து வந்தார்கள்.

என் முறை வந்தது. என் மலை சுரங்கத்துக்காகத் தோண்டிக் கொட்டிய மண்மேடு, என் ஆறு சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். மேசையே குலுங்கியது. அவளும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த மண் முன்பு எங்கே இருந்தது என்று கேட்டாள். நிலக்கரிக்கு மேலே என்றேன். மண்ணுக்கு மேலே என்ன இருந்தது என்றாள்.

"எங்க ஊரு, எங்க வூடு" என்று தமிழில் வந்துவிட்டது. யாராவது அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அத்தனை பிளாக்கும் டீ குடித்துக்கொண்டிருந்தது.