மொட்டை மாடியில் காய்ந்த சுருட்டு

"ஜல்தி வாம்மா, எல்லாம் போச்சு" என்று திண்டிவனத்திலிருந்து என் பழைய கஸ்டமர் மரியசூசை ஐயா போன் செய்தபோது, கம்ப்ரசர் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். விழுப்புரத்தில் பிரிட்ஜ், ஏசி சர்வீஸ் கடை நடத்துகிறேன். எங்களுக்கு அவசரம் என்றால் கம்ப்ரசர்தான். அந்த மாதம்தான் என் மகன் சென்னையில் பைக்கிலிருந்து விழுந்து, கட்டுப் போட்ட கையோடு மறுபடி வேலைக்குப் போயிருந்தான். போன் அடித்தாலே முதலில் அவன் பெயரா என்று பார்ப்பேன்.

போய்ப் பார்த்தால் மொட்டை மாடியில், மிளகாய்க்குப் பக்கத்தில், முறத்தில் சுருட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கப்பலில் வேலை பார்க்கும் அவர் மகன் சேவியர் போன லீவில் வாங்கி வந்தவை. அப்பாவும் மகனும் ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். மீதியை அடுத்த முறை சேர்ந்து பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் போனான். அதன்பின் ஐயா ஒன்றைக்கூடத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் வருவதாக இருந்தது.

"ஓட்ட ஓட்டயா இருந்துச்சு. மல்லாட்டையில வண்டு வந்தா வெயில்லதானே போடுவோம்?" என்றார் அவர் மனைவி பிலோமினா அம்மா. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

"இது இன்னா மல்லாட்டையாடி?"

"மல்லாட்டையாச்சும் வயித்துக்கு ஆவும்."

ஐயா என்னைப் பார்த்தார். "புள்ள வந்து கேட்டா இன்னா சொல்றது? எதனா பண்ணும்மா."

மேலே சுற்றிய இலை வெடித்தவற்றை ஒதுக்கினோம். மற்றவற்றைக் காற்றுப் புகாத பையில் போட்டுச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தோம். வண்டும் முட்டையும் சாக அதுதான் வழி. பிறகு ஒரு நாள் முழுக்கப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில். சட்டென்று வெளியே எடுத்தால் இலை வெடிக்கும்.

அடுத்தது ஈரம். இறுக்க மூடும் டப்பாவில், டிஸ்டில்டு வாட்டர் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சைச் சுருட்டில் படாமல் வைத்தேன். கூடவே காற்றின் ஈரத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று. ஈரப்பதம் அறுபத்தைந்துக்கும் எழுபது சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதிகமானால் பூஞ்சை, குறைந்தால் சருகு. தப்பிய முட்டை ஏதாவது இருந்தால் நம் ஊர் வெயிலில் பொரித்துவிடும் என்பதால், பழைய பாட்டில் கூலர் ஒன்றுக்குத் தனி தெர்மோஸ்டாட் மாட்டி இருபது டிகிரியில் நிறுத்தி, டப்பாவை அதற்குள் வைத்தேன். கூலர் காற்று காயவைக்கும்; டப்பா மூடியிருந்தால் பயமில்லை.

"சும்மா சும்மா தொறந்து பாக்காதீங்க ஐயா" என்றேன்.

"அவன் போட்டோவப் பாக்குற மாதிரி தொறந்து தொறந்து பாத்துக்கினுதான் இருப்பாரு" என்றார் அம்மா.

டிசம்பரில் செக் செய்யப் போனேன். மீட்டர் முள் அறுபத்தெட்டில் நின்றது. சுருட்டுகள் விரலுக்கு இதமாக அமுங்கின. எனக்கே பெருமையாக இருந்தது.

"அவன மாத்தி வுடுற ரிலீவர் வரலையாம். கப்பல வுட்டு எறங்க முடியாதாம். எப்பன்னு அவனுக்கே தெரியல" என்றார் ஐயா. திறந்திருந்த டப்பாவைப் பார்த்தபடி, "இது எவ்ளோ நாள் தாங்கும்மா?" என்றார்.

நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இப்பிடியே வெச்சா வருஷக்கணக்கா இருக்கும் ஐயா. ருசிகூட ஏறும்" என்றேன்.

அவர் டப்பாவை மூடினார். "சுருட்டு இருக்கும். நாம இருக்கணுமே" என்றார் அம்மா. ஐயா டப்பாவைக் கூலருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று மகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.