விஷம் கலக்காத குழாய்

திருப்பூர் வேலம்பாளையத்திலிருந்து முத்துச்சாமி சாரின் மனைவி அழைத்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். "மேடம், சார் போயிட்டாருங்க. நெஞ்சுல ரத்தம் கட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். சுருட்டை விரியனின் விஷத்திலிருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் சிறு புரதம் ஒன்றைப் பிரித்து மாரடைப்புக்கு மருந்தாக்க வேண்டும் என்றுதான் மனிதர் இத்தனை வருடம் மெனக்கெட்டார்.

எங்கள் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய மடித்துவிட்ட சட்டைக்கை நினைவிருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் புரதம் கலந்த ரத்தம்; ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் வெறும் ரத்தம். இரண்டுக்கும் அவரே கையை நீட்டுவார். "ஏனுங்க, ஊட்டுலயே கறவை இருக்கறப்ப வெளியில எதுக்குங்க பாலு வாங்கோணும்?" என்பார்.

ஒருமுறை புரதம் கலந்த ரத்தம் உறையவே இல்லை. துறையே கொண்டாடியது. கருத்தரங்கில் அறிவித்தார், அடுத்த கட்ட ஆய்வுக்கு அனுமதியும் வந்தது.

புரதம் கலப்பதற்குக் கழுவிய பழைய குழாய்; வெறும் ரத்தத்துக்கு எப்போதும் புதுக் குழாய்தான். அவை தீர்ந்துபோன ஒருநாள் அதையும் கழுவிய குழாயில் விட்டோம். அதுவும் உறையவில்லை. குழாயைச் சாய்த்துப் பார்த்தவர், கழுவும் தொட்டியருகே இருந்த சோப்பைப் போய் எடுத்துப் பார்த்தார். குழாய் பளபளக்கட்டும் என்று தம்பியின் சாயப்பட்டறையிலிருந்து துணி அலசும் சோப்பைப் பெருமையாகக் கொண்டுவந்தவர் அவர்தான். அதன் மிச்சம் கண்ணாடியில் படிந்திருந்தால் ரத்தம் லேசில் உறையாது. திருப்பூர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

"மறுபடி செஞ்சு பாத்துட்டு மெதுவாச் சொல்லலாம் சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் துறைத்தலைவர்.

"இல்லீங்க, நாளைக்கு ஒருத்தர் ஒடம்புக்குள்ள போற சாமானுங்க இது."

அன்றே கருத்தரங்குக்காரர்களையும் அனுமதி தந்தவர்களையும் போனில் அழைத்தார். "என்ற புரதம் வேல செய்யலீங்க. சோப்புதான் செஞ்சுது" என்றார். அனுமதி ரத்தானது. எங்களில் சிலர் அவரோடு கொஞ்சகாலம் பேசவில்லை. அவர் பாட்டுக்கு முதலிலிருந்து தொடங்கினார். "நல்ல சேதின்னா ரெண்டு தரம் கேட்டுக்கோணுங்க" என்பது அதற்குப் பிறகு வந்த பேச்சு.

காரியம் முடிந்து ஆய்வகம் திறந்த அன்று, ரத்தம் எடுக்க ஊசியோடு வந்த ஆய்வக உதவியாளர் பழக்கத்தில் சாரின் நாற்காலிப் பக்கம் திரும்பி, சட்டென்று நின்றார். நான் கையை நீட்டினேன்.

இரண்டும் புதுக் குழாய்கள். வெறும் ரத்தம் உறைந்தது. புரதம் கலந்தது உறையாமலே கிடந்தது. நல்ல சேதிதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதை நம்பாத குணம். வேறு இரண்டு குழாய்களை எடுத்துவைத்து, மறுபடியும் கையை நீட்டினேன்.