பாசி என்று சொன்னதற்கு ஓர் அறை

இன்று பேரன் புது உப்புத்தண்ணீர் மீன்தொட்டியைச் சுரண்டிக்கொண்டே, "இந்தப் பாசி உயிரை வாங்குது தாத்தா" என்றான்.

என்னிடமா சொல்கிறான்!

ஜப்பான்காரன் ஆண்ட காலம்; அரிசி போய் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற வருஷம். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு ஜப்பான் அதிகாரி கடல்மீன் தொட்டி வைத்தான். உஜோங் பாசிர் கடற்கரையிலிருந்து கடல்தண்ணீர் சுமந்தது எங்கள் குடும்பம். பத்தே நாளில் கண்ணாடி பச்சை.

"பாசி தொரை, தேய்ச்சாப் போயிடும்" என்றார் அப்பா.

மொழிபெயர்க்க நின்றவர் மலாக்கா செட்டி நடேசன். திருநீற்றைப் பார்த்து, தமிழ் தெரியும் என்று பிடித்து வந்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்ததோ மலாய். மலாயில் பாசி என்றால் ஊசிப்போனது. "தண்ணீர் கெட்டுவிட்டதாம்" என்று அதிகாரியிடம் மலாயில் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு ஓர் அறை. தொட்டியைக் கொட்டி, புதுத்தண்ணீர் நிரப்ப உத்தரவு. நடேசனும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

கடற்கரைப் பாறையில் படிந்த பச்சையைக் காட்டி, "இதுதான்யா பாசி!" என்று அப்பா கத்தினார்.

"அட, லுமுட்டா? முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே!" என்றார் நடேசன் மலாயில். பாசிக்கு மலாயில் லுமுட்.

புதுத்தண்ணீரிலும் பத்தாம் நாள் பச்சை. அப்பா வாயே திறக்கவில்லை.

நான் கதை அளக்கிறேன் என்பவர்கள் புக்கிட் ரம்பாய் போய்க் கேளுங்கள். அன்று வாளி தூக்கியவர்களில் என்னைத் தவிர மிச்சமிருப்பது அங்கே குடியிருக்கும் என் தங்கச்சி வள்ளியம்மாதான்.