ஓடைத் தண்ணியும் ஓசி வாளியும்

பிளாஸ்டிக் வாளியைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றுகொண்டுதான் ஈஸ்வரியக்கா விலை சொல்வார். கனத்த உடம்பு. வாளி முனகும், உடையாது. "ஒடஞ்சா என் பாடு, ஒடையலைன்னா ஒங்க பாடு. எடுங்க" என்பார்.

குடம், வாளி, தண்ணீர் மொள்ளும் மக்கு, அன்னக்கூடையெல்லாம் கோபுரமாகக் கட்டிய லோடு ஆட்டோவை அவரே ஓட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து எங்கள் பரளச்சிப் பக்கம் வருவார். பதிவு செய்த விளம்பரம் அவருக்குப் பிடிக்காது. மைக்கைப் பிடித்து அவரே பேசுவார். பாதி வியாபாரம், பாதி வானிலை. கணவர் பூமிநாதன் இமாச்சலத்துக்கு ஆப்பிள் லோடு ஏற்றப் போகும் லாரி டிரைவர். அங்கே பனி உருகி ஆறு ரோட்டை அறுத்துக்கொண்டு போனால், மறுநாள் எங்கள் ஓடைக்கரைத் தெருவுக்குச் செய்தி வந்துவிடும்.

"ஏத்தா, அங்க பனி உருகுனா நம்ம ஓடைக்குத் தண்ணி வருமா?" என்று ஆடு வளர்க்கும் இருளப்பசாமி ஒருநாள் கேட்டார்.

"வராதுண்ணே. வந்தா அள்ள வாளி வேணும்ல."

அதுதான் வினையாகிப் போனது. அக்கா மழை என்று வாயெடுத்தாலே வாளி விற்கப் பார்க்கிறார் என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் அக்கா வந்தார். விலையே சொல்லவில்லை. மேற்கே விடாமல் மழை, மேல்கண்மாய்க் கரை கசிகிறது, நானே கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். ஓடையில் கருவேலத்தைத் தவிர வேறெதையும் வருஷக்கணக்காகப் பார்க்காத சனம் அது. இங்கே தூறல்கூட இல்லை. வாசலில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கனகலட்சுமி, "இன்னைக்கு லோடு சாஸ்தியாக்கா?" என்றார். தெருவே சிரித்தது.

நான் அந்தப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். சாவி என்னிடம் இருந்தது. "போயித் தொறந்து வையி" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"பள்ளிக்கூடத்துல ஓசி வாளி. ஆளுக்கு ஒண்ணு. நேர்ல வந்தாத்தான். பெரியவுக, கைப்புள்ள, யாரா இருந்தாலும் தூக்கிட்டாவது வாங்க. கடைசியா வாரவுகளுக்கு மூடி கெடையாது."

மிளகாய்ச் சுளகு அப்படியே கிடந்தது. படுத்த படுக்கையான மாமியாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கனகலட்சுமி வீட்டார்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். இருளப்பசாமி மட்டும் பட்டியை விட்டு நகரவில்லை.

"ஆட்டுக்கும் உண்டாத்தா?"

அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆட்டுக்கு மக்கு உண்டுண்ணே."

அவரும் மந்தையைப் பத்திக்கொண்டு ஓடிவந்தார்.

பள்ளியில் வரிசை போடுவதிலேயே அக்கா நேரத்தைக் கடத்தினார். உயரப்படி நிற்கச் சொன்னார். நின்றதும், வயசுப்படி என்று மாற்றினார். யாருக்கு வயது அதிகம் என்று இரண்டு சம்பந்திகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, மேற்கே சரளை லாரி கவிழ்ந்தாற்போல ஒரு சத்தம். கரிசல் நிறத்தில் தண்ணீர், கருவேலமரங்களைப் புரட்டிக்கொண்டு தெருவுக்குள் புகுந்தது. கனகலட்சுமியின் வீட்டுச் சுவர் சாய்வதை வராந்தாவில் நின்றே பார்த்தோம். இருளப்பசாமி ஒரு குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்கா தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கனகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். கையெடுத்துக் கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"வாளி தாரேன்னீகளேக்கா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு முட்டியது. எழுந்துபோய், பள்ளி வாசலில் நின்ற லோடு ஆட்டோவின் கயிற்றை அவிழ்த்து, கைக்கு அகப்பட்ட வாளியை எடுத்து நீட்டினார். கனகலட்சுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பச்சையால்ல இருக்கு. நீலம் இல்லையா?"

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறி, அத்தனை சரக்குக்கும் அடியில் சிக்கியிருந்த ஒரு நீல வாளியை இழுக்க ஆரம்பித்தார்.